ஓர் இரவுத் தங்கலுக்குக் கொக்கியைக் கழற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 3

திண்டுக்கல்லில் வசிக்கும் நாங்கள் 12 அடி நீளமுள்ள டிரெய்லர் ஒன்றைக் கட்டி வாங்கியிருக்கிறோம். இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் படுக்கலாம். டிசம்பர் விடுமுறையில் கொடைக்கானல் வழியாக மன்னவனூர் வரை சென்று, மூன்று இரவுகளை மூன்று இடங்களில் கழிக்க எண்ணியுள்ளோம். ஒத்திகையாகச் சிறுமலை அடிவாரத்தில் ஒரு தோப்பில் தங்கினோம். காரிலிருந்து கழற்றி, மட்டம் பார்த்து, டிரெய்லர் ஆடாமல் தாங்கும் நான்கு மூலை ஜாக்கிகளையும் இறக்கி, வாசலில் பந்தல் துணி கட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காலையில் அனைத்தையும் பிரித்தெடுக்க மேலும் ஒன்றரை மணி நேரம். ஓர் இரவுக்கு இவ்வளவு வேலை வேண்டுமா?

நவம்பர் 3, இரவு

வேண்டாம். காரோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கியையே கழற்ற வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் பந்தலே போட்டுவிடுவார்கள்.

நான் வத்தலக்குண்டுக்காரன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களில் மருந்தடிக்கும் பம்புகளையும் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களையும் பழுதுபார்ப்பது என் தொழில். பருவம் சூடுபிடித்துவிட்டால் இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு அடுத்த ஊர் என்று அலைய வேண்டியிருப்பதால், ஆறு ஆண்டுகளுக்கு முன் கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் 11 அடி டிரெய்லர் ஒன்றைச் செய்வித்தேன். பொலேரோ அதை இழுக்கிறது. ஆகவே நான் சொல்வது உல்லாசப் பயணியின் அனுபவமன்று. பொழுது சாயும் நேரத்தில் வந்து, விடிந்ததும் கிளம்புகிறவனின் அனுபவம்.

என் வழக்கம் இதுதான். காலையில் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையைப் பார்த்தே வண்டியை நிறுத்துகிறேன். இடவலமாக மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகையின் மேல் ஏற்றுகிறேன். காருக்கும் டிரெய்லருக்கும் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கிறேன். பின்பக்க ஜாக்கிகள் இரண்டையும் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்குகிறேன். கேஸ் சிலிண்டரைத் திறந்து காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறேன். அவ்வளவுதான், 12 நிமிடம் ஆகும். பந்தல் துணி, மடக்கு நாற்காலி, வாசலில் விரிக்கும் பாய் எல்லாம் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்கினால்தான் வெளியே வரும்.

நவம்பர் 4

மேலே எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். தண்ணீர் வைப்பது வரை 12 நிமிடம் என்பது சரி என்றும், பலகை எங்கே, டார்ச் எங்கே, கட்டையை யார் எடுத்தது என்று நான் தேடும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும் கூறினார். 20 நிமிடம் என்று திருத்திக்கொள்ளவும்.

அதிலிருந்தே ஒன்று சொல்லலாம். ஓர் இரவுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம், அதாவது பலகைகள், கட்டைகள், ஜாக்கி கைப்பிடி, கையுறை, டார்ச், ஒரு குடம் தண்ணீர், மழைச்சட்டை ஆகியவை, வாசலை ஒட்டி வெளியிலிருந்தே திறக்கும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். மழையில் நனைந்தபடி உள்ளே ஏறிப் படுக்கையைத் தூக்கி, அடியிலிருந்து பலகையை எடுத்துவந்தால், அன்றிரவு ஈர மெத்தையில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 6

மட்டம் பார்ப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். கைப்பேசியில் மட்டம் காட்டும் செயலிகள் உண்டு. ஆனால் ஓட்டுநர் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் ஸ்டீயரிங்குமாக ஏறி இறங்க முடியாது. கொத்தனார் பயன்படுத்தும் சிறு ரசமட்டம் ஒன்றை டிரெய்லரின் முன்பக்கத் தகட்டில், குறுக்குவாட்டில், காரின் உள்கண்ணாடியில் தெரியும் உயரத்தில் திருகிவிட்டேன். முதலில் மட்டமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, குமிழி நடுவில் நிற்கும்படி அதைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இரவும் கோணலாகவே படுத்துக்கொண்டு ரசமட்டம் சரியென்று சொல்கிறதே என்று வாதாடிக்கொண்டிருப்போம்.

என் டிரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 5 அடி. ஒரு பக்கம் 2 அங்குலம் தாழ்ந்திருந்தால் ஏறக்குறைய 2 பாகை சாய்வு. 2 பாகையில் உருண்டு விழமாட்டோம். ஆனால் இரவெல்லாம் சுவர்ப் பக்கம் சரிந்துகொண்டே இருப்போம், காலையில் முதுகு சொல்லும். இதற்காக 2 அங்குலக் கனத்தில் இரண்டு பலகைகள் வைத்திருக்கிறேன். நீளமானது அடியில், அதைவிட ஓர் அடி குறைந்தது மேலே. இரண்டையும் அடுக்கினால் படிக்கட்டு போல 4 அங்குலம் வரை ஏறலாம். மேற்பலகையின் முனையில் ஒரு சட்டத்தை ஆணியடித்து வைத்தால் சக்கரம் அதைத் தாண்டி உருளாது.

முன்பின் மட்டம் வேறு சங்கதி. கொக்கி மாட்டியிருக்கும்வரை அதைத் திருத்த முடியாது. தலைப்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் போதும் என்று விட்டுவிடுவதே என் வழக்கம். என் படுக்கையில் இரண்டு முனையிலும் தலையணை வைக்க இடமுண்டு. வண்டி எப்படி நிற்கிறதோ அதற்கேற்பத் தலைமாட்டை மாற்றிக்கொள்கிறோம். மேட்டுப் பக்கம் தலை. இதற்கு ஜாக்கி எதுவும் தேவையில்லை.

நவம்பர் 10

"எங்கே நிறுத்துவது?" என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் இருபது நிமிடமா ஒன்றரை மணி நேரமா என்பதை இடமே தீர்மானிக்கிறது. வெளிநாடுகளில் உள்ளதுபோல மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் வைத்து டிரெய்லருக்கென்றே கட்டிவைத்த தளங்களை நம்பி இந்த மலையில் ஏற முடியாது. நமக்கு வாய்ப்பவை தெரிந்தவர் தோட்டத்துக் களம், தங்கும் விடுதியின் முற்றம், பள்ளி வாசல், ஊர் மந்தை ஆகியவைதாம். எதுவாயினும் கேட்டுவிட்டே நிறுத்த வேண்டும். கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். கூடவே ஒரு சொம்பு பாலும் கிடைக்கும். கேட்காமல் நிறுத்தினால் இரவு பத்து மணிக்கு ஊரே டார்ச் அடித்துப் பார்க்கும்.

கேட்காமல் நிறுத்திய கதை ஒன்று என்னிடமே இருக்கிறது. முதல் ஆண்டில், மேல்மலைக் கிராமம் ஒன்றில், மூடுபனியில் வந்து சேர்ந்து, சாலையின் முடிவில் நன்றாக மட்டமாக, அகலமாக ஓரிடம் கிடந்ததைக் கண்டு, கடவுளே காட்டினார் என்று நிறுத்திப் படுத்துவிட்டேன். அது பேருந்து திரும்பும் இடம். மலைக் கிராமங்களில் கடைசிப் பேருந்து இரவு அங்கேயே தங்கி, விடியுமுன் கிளம்பும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானே அந்தப் பேருந்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்கு அது தாமதமாக வந்து என் பின்னால் நின்றிருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு அந்த ஓட்டுநர் அடித்த ஹாரனில் என் மனைவி மேல்தட்டில் தலையை இடித்துக்கொண்டார். ஏழு நிமிடத்தில் கிளம்பினோம். என் வாழ்நாள் சாதனை அதுதான். கொக்கியைக் கழற்றாதிருந்ததால்தான் அது முடிந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நவம்பர் 11

காட்டோரச் சாலையில், காட்சி முனைகளில் இரவு நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. இந்த மலைக் காடுகளின் பெரும்பகுதி 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே இரவில் தங்குவது வனத்துறை அனுமதியின்றி நடக்காது. பேரிஜம் ஏரிக்குப் பகலில் போவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டாலும், காட்டுமாடு டிரெய்லரில் முதுகைத் தேய்த்துக்கொண்டால் மூலை ஜாக்கி தாங்காது. கொடைக்கானல் நகருக்குள்ளேயே அவை நடமாடுகின்றன. இரவில் வெளியே இறங்குமுன் ஜன்னல் வழியாக நாற்புறமும் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

நவம்பர் 20

12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்கள் கொடைக்கானலுக்கு வரக்கூடாது என்று இம்மாதம் தடை வந்திருக்கிறதே, காரும் டிரெய்லரும் சேர்ந்தால் அதில் அகப்படுமா என்று கேள்வி வந்தது. நாடாவை எடுத்து அளந்தேன். பொலேரோ 4 மீட்டர், டிரெய்லர் கொக்கித் தண்டோடு சேர்த்து நாலரை மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் எட்டரை மீட்டர். உங்களுடையதும் ஒன்பதுக்குள் அடங்கும்.

ஆனால் நீளத்தைவிட வளைவுதான் நம்மைச் சோதிக்கும். கொண்டை ஊசி வளைவில் காரின் சக்கரம் போன தடத்தில் டிரெய்லரின் சக்கரம் போகாது. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். காரை வளைவின் வெளிவிளிம்பு வரை கொண்டுபோய்த் தாமதமாகத் திருப்ப வேண்டும். எதிரே வருகிறவர் நம் காரை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிடுவார். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழி, வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, பகலில் மட்டும் ஏறுவது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. விடுமுறை நாளில் அந்த விதியை நம்பி வளைவுக்குள் நுழைய வேண்டாம்.

டிசம்பர் 1

நவம்பர் 3ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்று முன்தினம் பூம்பாறையில் ஒரு பூண்டுக் களத்தில் தங்கினேன். கொக்கியைக் கழற்றவில்லை, காருக்கும் டிரெய்லருக்கும் இடையிலான ஏழு முனை பிளக்கையும் கழற்றவில்லை. டிரெய்லருக்குத் தனி பேட்டரி உண்டு என்றாலும், அதை மூன்று வாரமாகச் சார்ஜ் செய்யாததால், உள்ளே இருந்த 12 வோல்ட் குளிர்பெட்டியைக் காரின் பேட்டரியிலிருந்து வரும் இணைப்பில் மாட்டியிருந்தேன். பெட்டிக்குள் தோசை மாவு. மலிவான குளிர்பெட்டிகளுக்குத் தானே நிற்கும் ஏற்பாடு கிடையாது. 4 ஆம்பியர் இழுத்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பது மணி நேரத்தில் 36 ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் கொள்ளளவே 65. அதற்கும் வயது நான்கு. போதாக்குறைக்குக் குளிர், ஈய பேட்டரியின் வலுவைக் குளிர் இன்னும் குறைக்கும். வெளியே 8 பாகை இருந்திருக்கும். அந்தக் குளிரில், உள்ளே புளிக்கவே மறுக்கும் மாவை, ஒரு பெட்டி இரவெல்லாம் முனைந்து குளிரவைத்துக்கொண்டிருந்தது.

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டுமே கேட்டது. தள்ளிக் கிளப்பலாம் என்றால் பின்னால் 850 கிலோ தொங்குகிறது. கொக்கியைக் கழற்றாதே என்று எழுதிய அதே கை அதைக் கழற்றிற்று. கேரட் ஏற்ற வந்த ஜீப்பிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிய பையன், "அண்ணே, நீங்கதானே எஞ்சின் மெக்கானிக்?" என்று கேட்டான்.

ஆகவே, கொக்கி இருக்கலாம், பிளக் இருக்கக்கூடாது. வண்டி நின்றதும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைப்பைக் கொடுக்கும் ரிலே ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. முந்நூறு ரூபாய்ச் சாமானை ஆறு ஆண்டுகளாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 8

இன்னொன்றையும் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் என் முதல் குறிப்பில் காப்பி மட்டுமே மிஞ்சும்.

மன்னவனூரில் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடத்தில் ஜல்லி கொட்டியிருந்ததால், ஏற்றமான ஒரு சந்தில், மூக்கு மேல்நோக்கியபடி நிறுத்தினேன். சாய்வு ஏழெட்டுப் பாகை இருக்கும். தலையை எந்தப் பக்கம் வைத்தாலும் தூங்க முடியாது: ஒரு பக்கம் இரத்தம் தலைக்கு ஏறும், மறுபக்கம் ஆள் கால்மாட்டுக்கு வழுகிப்போவார். கழற்றி முன்பக்கத்தை இறக்குவதே வழி என்று முடிவு செய்தேன்.

இங்கே தள்ளு பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளுதலே தண்டை உள்ளே அமுக்கி, டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். சரி, பின்னோக்கி எடுக்கும்போதும் அதே தள்ளுதல் இருக்குமே, அப்போது பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டி நகராதே என்பதற்காக, சக்கரம் பின்னால் சுழன்றால் பிரேக் தானே விட்டுக்கொடுக்கும்படி சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஏற்றத்தில் மூக்கை மேலே வைத்து நிறுத்தும்போது வண்டி உருள விரும்புவதும் பின்பக்கமாகத்தான். கைப்பிரேக்கை இழுத்த பிறகும் சக்கரம் ஒரு சாண் அளவுக்குப் பின்னால் உருளும், பிரேக் விட்டுக்கொடுக்கும், அதன் பிறகு கைப்பிரேக்கின் ஸ்பிரிங் மிச்சத்தை இழுத்துக்கொண்டபின்தான் இறுகப் பிடிக்கும்.

இதை நான் அறிவேன். அறிந்தும், கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்தேன், பின்னால் வைக்கவில்லை. எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துகிறவனுக்குக் கை அந்தப் பக்கமே போகிறது. கொக்கியைத் தூக்கியதும் டிரெய்லர் மூச்சு விட்டதுபோல் ஓர் ஒலி எழுப்பி, மெல்ல, மிக மெல்ல, ஒரு முழம் பின்னால் போய் நின்றது. முன்னால் இருக்கும் சிறு சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டே போனது. அந்தக் கீறல் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பின்னால் ஒரு கற்சுவர். அதற்கும் வண்டிக்கும் இடையில் மிஞ்சியது இரண்டடி. சற்று முன்புவரை அந்த இரண்டடியில் வீட்டுக்காரரின் கன்றுக்குட்டி கட்டியிருந்தது.

எனவே வரிசை இது: முதலில் தாழ்வான பக்கத்தில் கட்டை, இரண்டு சக்கரங்களுக்கும். பிறகு கைப்பிரேக். பிறகு காரை ஒரு விரற்கடை நகரவிட்டு, வண்டியின் பாரம் கட்டையில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே பாதுகாப்புச் சங்கிலியையும் கொக்கியையும் தொட வேண்டும். எல்லாவற்றையும்விட, ஏழு பாகைச் சாய்வில் தங்காதிருப்பது நல்லது. அன்று இன்னும் அரை மணி நேரம் வெளிச்சம் இருந்தது. வேறு இடம் தேடியிருக்கலாம். சோம்பல்.

டிசம்பர் 9

கன்றுக்குட்டி நலமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் நலத்தை ஒருவர் விசாரித்திருக்கிறார். இருவரும் நலம்.

டிசம்பர் 10

பின்பக்க ஜாக்கிகளை இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்ட நண்பருக்கு: கொக்கி மாட்டியிருந்தால் ஆட்டம் மட்டும்தான். கொக்கி கழன்றிருந்தால், ஒற்றை அச்சு வண்டியில் இருவர் பின்பக்கம் போய் உட்கார்ந்தாலே மூக்கு மேலே எழும்பிவிடும், தராசுத் தட்டு மாதிரி. பிள்ளைகள் இரவில் எங்கே நடப்பார்கள் என்று சொல்ல முடியாது. கழற்றினால் ஜாக்கி கட்டாயம். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கன்று, ஆடாமல் தாங்குவதற்கு மட்டுமே. அதைக்கொண்டு மட்டம் திருத்த முயன்று அடிச்சட்டத்தை வளைத்தவர்களை எனக்குத் தெரியும்.

டிசம்பர் 22

கேள்வி கேட்டவர் நாளை மறுநாள் கிளம்புகிறார் என்பதால் இறக்கத்தைப் பற்றி.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிரெய்லர் விஷயத்தில் அது பாதிப் பாதுகாப்புதான். காரை எஞ்சின் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் டிரெய்லர் காரை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருப்பதால், அதன் பிரேக் பெருமாள்மலையிலிருந்து காட்ரோடு வரை சிறிதாவது உரசிக்கொண்டேதான் வரும். டம்டம் பாறைக் காட்சி முனையில் எல்லோரும் தலையாற்று அருவியைப் பார்க்க நிற்பார்கள். நான் சக்கரத்தைப் பார்க்க நிற்கிறேன். தொட வேண்டாம், புறங்கையை நடுக்குடத்துக்கு அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும். பிரேக் லைனர் கருகும் வாசனை வந்தால் இருபது நிமிடமாவது ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. சூடான டிரம்மில் கைப்பிரேக் போட்டுவிட்டுத் தூங்கினால், டிரம் ஆறிச் சுருங்கி லைனரை இறுக்கிக்கொள்ளும். காலையில் சக்கரம் வராது. சூடாக இருக்கும்வரை கட்டை மட்டும், ஆறியபின் கைப்பிரேக்.

பாரத்தைப் பற்றி ஒன்று. மேல்மலையில் வேலை முடிந்தால் பணத்தோடு ஒரு சாக்குக் கேரட்டும் இரண்டு பிடி மலைப்பூண்டும் கொடுப்பது வழக்கம். சாக்கைக் கதவருகே, அதாவது பின்பக்கம், போட்டுவிடத் தோன்றும். அப்படிப் போட்டால் கொக்கியின் மேல் விழ வேண்டிய பாரம் குறைந்து, சமவெளியில் வேகம் எடுக்கும்போது டிரெய்லர் வாலாட்டும். என் 850 கிலோ வண்டிக்குக் கொக்கியில் 60 கிலோ அமர வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, கொக்கியை அதில் உட்காரவைத்துச் சரிபார்ப்பேன். சாக்கு எப்போதும் அச்சுக்கு மேலே.

2025 ஜனவரி 12

குளிர். வீட்டில் பயன்படும் கேஸ், புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் கிட்டத்தட்ட 0 பாகைக்குக் கீழே ஆவியாகாது. கவுஞ்சிப் பக்கம் ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி கிடக்கும்போது, பாதி தீர்ந்த 5 கிலோ சிலிண்டரில் அடுப்பு கார்த்திகை விளக்கைப் போலத்தான் எரியும். எரிய எரியச் சிலிண்டர் இன்னும் குளிர்ந்து சுடர் இன்னும் தணியும். வெதுவெதுப்பான தண்ணீருள்ள தொட்டியில் நிறுத்தினால் சரியாகும். நெருப்பை எந்த வடிவத்திலும் அருகே கொண்டுபோகக் கூடாது. நான் இரவே பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பி வைத்துக்கொள்கிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சோற்றைத் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது நேர விரயம். ஓர் இரவுக்கு வத்தலக்குண்டிலேயே கட்டிக்கொண்ட புளிச்சோறு போதும்.

இனிச் சொல்வதை மட்டும் விளையாட்டாகப் படிக்க வேண்டாம். குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே எரியவிட்டுக் கதவை அடைத்துத் தூங்கக்கூடாது. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் எழுந்திருக்கவேயில்லை என்ற செய்தியைச் சென்ற ஆண்டு படித்தோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை உயரத்தில் மாட்ட வேண்டும். கேஸ் கசிவுக் கருவியோ தரையருகே இருக்க வேண்டும், ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். அதனால்தான் தரையில் ஒரு துளை விட்டுக் கட்டுவார்கள். குளிர் வருகிறதென்று என் மனைவி முதல் ஆண்டில் அந்தத் துளையில் பழைய துணியை அடைத்து வைத்திருந்ததைக் கண்டபோது, பேருந்து ஹாரனைக் கேட்டதைவிட அதிகமாக அதிர்ந்தேன். கம்பளி இன்னொன்று வாங்கினோம். மேல் ஜன்னலை இரு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிறோம். அப்படியும் காலையில் கூரைத் தகட்டிலிருந்து மூச்சுக்காற்றின் ஈரம் சொட்டத்தான் செய்கிறது. ஒரு துண்டை அதற்கென்றே வைத்திருக்கிறோம்.

ஜனவரி 27

திண்டுக்கல் நண்பர் திரும்பிவந்து எழுதியிருக்கிறார். முதல் இரவு 50 நிமிடம், மூன்றாம் இரவு 25. கொக்கியைக் கழற்றவேயில்லை, பிளக்கை மட்டும் மூன்று இரவும் கழற்றினாராம். பிள்ளைகளில் மூத்தவன் ரசமட்டத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, "வலது பக்கம் ஒரு பலகை" என்று அப்பாவுக்குக் கட்டளையிட்டானாம். இந்தக் கணக்கில் நான் இனி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து நீலகிரி வழியாக மைசூர் போவதாகக் கூறுகிறார். அங்கே நான் ஒரே முறைதான் டிரெய்லரோடு போயிருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். நம் வண்டிக்கு அவை போதும். உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக 36 வளைவுகளில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. கூடலூர் வழியே சுற்றத்தான் வேண்டும். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைப்பு. அந்த நேரத்தை முன்வைத்தே தங்கல் அமைய வேண்டும். சோதனைச் சாவடிக்கு எட்டேமுக்காலுக்கு வந்து சேரும் திட்டம் திட்டமே அன்று.

இன்னொன்று கரடி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. கோயில் விளக்கெண்ணெயைக் கூட விடுவதில்லை. வடைச் சட்டியைக் கழுவாமல் டிரெய்லர் வாசலில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டாம். பர்லியாறு, கல்லாறு பக்கம் பலாக் காலத்தில் யானை. பழம் வாங்கினால் அன்றே தின்று முடியுங்கள், வண்டிக்குள் வைத்துக்கொண்டு இரவைக் கழிக்க வேண்டாம்.

ஏப்ரல் 6

2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய, கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், வாரக் கடைசியில் 6,000 என்று, மலைக்கு வரும் வண்டிகளுக்கு இணையத்தில் தரும் இ-பாஸில் வரம்பு வைத்தார்கள். உதகைக்கு 6,000, 8,000. உள்ளூர்க்காரர்களுக்கு இது பொருந்தாது என்றாலும், மற்றவர்களுக்காக என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். மலை மேல் மூன்று இரவு என்பதில் முதல் இரவை அடிவாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டைச் சுற்றித் தென்னந்தோப்புகளுக்குப் பஞ்சமில்லை. தரை மட்டம், கேஸ் ஒழுங்காக எரியும். பாஸ் கிடைத்த நாளில் விடிந்ததும் ஏறினால் வளைவுகளில் எதிரே வண்டியே இருக்காது, மூடுபனி விலகும்போது பண்ணைக்காடு பிரிவைத் தாண்டியிருப்பீர்கள்.

ஆறு ஆண்டுகளாக என் வீட்டு வாசலிலிருந்தே மலை ஏறுகிறவனுக்கு இது தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

ஏப்ரல் 19

ரிலே வாங்கி மாட்டிவிட்டேன். 280 ரூபாய். குளிர்பெட்டியை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டோம்; அவர் மதுரையில் இருக்கிறார், அங்கே அதற்கு வேலை உண்டு.